நிலைத்த பொருளாதாரம் கண்ட ஜே. சி. குமரப்பா

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)

பொருள் ஈட்டும் வழியைச் சொன்னவர்கள் உலகில் பலர். ஈட்டிய பொருளைப் பெருக்கும் வழியைச் சொன்னவர்களும் பலர். ஆனால் ஈட்டும்போதே எதை இழக்கிறோம் என்றும் கணக்குப் பார்க்க வேண்டும் எனச் சொன்னவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருள் ஒருவர் நம் தமிழ்நாட்டில், தஞ்சை மண்ணில் பிறந்தார். கணக்குத் தணிக்கையையே தொழிலாகக் கற்றார். இலண்டன் மாநகரிலும் நியூயார்க் நகரிலும் கல்வி பயின்றார். கடைசியில் ஒரு சிறு குடிசையில், கதராடையோடு வாழ்ந்து மறைந்தார். அவர்தாம் ஜே. சி. குமரப்பா.

பொருளியல் மாணவனாகிய நான் ஆடம் ஸ்மித்தைப் படித்தேன், மார்ஷலைப் படித்தேன், கீன்ஸைப் படித்தேன். குமரப்பாவின் பெயரோ காந்தியப் பொருளாதாரம் என்ற தலைப்பின் கீழ் ஓரிரு வரிகளில்தான் எனக்கு அறிமுகமாயிற்று. பின்னர் நூலகத்தில் அவரைத் தேடிப் படித்தபோது, அவர் பேசியது 1940களின் வார்தாவைப் பற்றி மட்டுமன்று, இன்றைய ஓசூரைப் பற்றியும் கிருஷ்ணகிரியைப் பற்றியும் தான் என்று எனக்குத் தோன்றியது. அதனாலேயே அவர் வாழ்வை இம்மலரில் எழுத முற்பட்டேன்.

இளமையும் கல்வியும்

1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ். தந்தையார் பொதுப்பணித் துறையில் அலுவலர். வீட்டில் ஒழுங்கும் இறைப்பற்றும் நிறைந்திருந்தன. ஏழை எளியோர்க்கு இரங்கும் குணத்தை அன்னை எஸ்தரிடமிருந்து பெற்றதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார்.

வாலிபப் பருவத்தில் இலண்டன் சென்று கணக்கியல் கற்றுத் தணிக்கையாளரானார். 1919இல் தாயகம் திரும்பிப் பம்பாயில் தொழில் நடத்தினார். மேலை நாட்டு உடை, மேலை நாட்டு உணவு, மேலை நாட்டுப் பழக்கம் என்று அவருடைய நாள்கள் சென்றன. அந்நாளைய செல்வர் கூட்டத்தில் அவரும் ஒருவர். 1927இல் அமெரிக்கா சென்றார். சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் பயின்றபின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் படித்தார்.

அங்கேதான் திருப்பம் நேர்ந்தது. இந்தியா ஏன் வறுமையில் கிடக்கிறது என்பது பற்றித் தேவாலயம் ஒன்றில் அவர் ஆற்றிய உரை செய்தித்தாளில் வெளிவந்தது. அதைக் கண்ணுற்ற பேராசிரியர் செலிக்மன், அதனையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு அவரைத் தூண்டினார். அரசாங்கத்தின் வரவு செலவுகளை ஆராயத் தொடங்கினார் குமரப்பா. பிறருடைய கணக்கேடுகளைத் தணிக்கை செய்தவர் ஓர் ஏகாதிபத்தியத்தின் கணக்கேட்டையே தணிக்கை செய்தார். நாட்டின் வறுமை இயற்கையின் சாபம் அன்று. அயலார் ஆட்சியின் சுரண்டலே அதற்குக் காரணம் என்று கண்டார். அன்று முதல் அவர் பழைய கொர்னீலியஸ் அல்லர். குடும்பத்தின் பழம்பெயராகிய குமரப்பா என்பதையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார்.

அண்ணலைக் கண்டார்

1929ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள். தம் ஆய்வுரையைக் காந்தியடிகளிடம் காட்ட வேண்டும் என்று சபர்மதி ஆசிரமத்திற்கு வந்தார் குமரப்பா. குறித்த நேரத்திற்கு முன்பே வந்துவிட்டதால் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து முதியவர் ஒருவர் இராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். கைத்தடியை ஊன்றி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் குமரப்பா. சிறிது நேரம் சென்றபின் முதியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வந்திருப்பவர் குமரப்பாதானே என்று வினவினார். அப்பொழுதுதான் எதிரில் இருப்பவர் காந்தியடிகள் என்பது அவருக்குத் தெரிந்தது. போட்டிருந்த உயர்ந்த பட்டுக் காற்சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த மண் தரையிலேயே அமர்ந்துவிட்டார். நாற்காலி வந்தும் அவர் எழவில்லை.

ஆய்வுரையைத் தம் யங் இந்தியா இதழில் வெளியிட இசைந்த காந்தியடிகள், குசராத்தின் கேடா மாவட்டத்தில் மாதர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருளாதார நிலையை ஆராய்ந்து வருமாறு அவரைப் பணித்தார். குசராத்து வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார் குமரப்பா. உழவன் வீட்டு வரவென்ன, செலவென்ன, கடனென்ன, வரியென்ன என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கல்லூரி மாணவர்கள் சிற்றூர்க்குச் சென்று கணக்கெடுத்து எழுதிய ஆய்வுகளுள் அது முன்னோடியானது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் நாம் அறிய வேண்டிய செய்தி இது.

உப்பு அறப்போரின்போது காந்தியடிகள் இல்லாத நேரத்தில் யங் இந்தியாவின் பொறுப்பை ஏற்றுச் சிறை புகுந்தார். 1934 சனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தபோது நிவாரண நிதியின் கணக்குகளைக் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. தொண்டர்களின் உணவுச் செலவுக்கு ஓர் அளவு வைத்தார். காந்தியடிகளும் உடன் வந்தோரும் அங்கு வந்தபோது, அந்த அளவுக்கு மேற்பட்ட செலவை மக்கள் நிதியிலிருந்து தர இயலாது என்று மறுத்துவிட்டார். தலைவருக்கு ஒரு கணக்கு, தொண்டனுக்கு ஒரு கணக்கு என்பதை அவர் அறியார்.

மகன்வாடியில்

1934ஆம் ஆண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளர். வார்தாவில் மகன்லால் காந்தியின் நினைவாகப் பெயர் பெற்ற மகன்வாடி அதன் தலைமையிடம். செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, தோல் பதனிடுதல், மட்பாண்டம், சோப்பு, எருத் தயாரிப்பு ஆகிய தொழில்களை அங்கு ஆராய்ந்தனர், கற்பித்தனர். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கொன்றையும் அங்கு செய்தனர். மண்ணுக்குள்ளிருந்து எடுக்கும் எண்ணெய் ஒருநாள் தீரும். செடியிலிருந்து எடுக்கும் எண்ணெய் ஆண்டுதோறும் விளையும் என்பதே அந்தச் சிறு விளக்கின் தத்துவம்.

1938இல் சவகர்லால் நேருவின் தலைமையில் தேசியத் திட்டக் குழு அமைந்தபோது குமரப்பா அதில் உறுப்பினரானார். பெருந்தொழில்களையே நோக்கிச் சென்ற அதன் போக்கு அவர்க்கு ஒவ்வவில்லை. சில மாதங்களிலேயே விலகினார். பதவிக்காகக் கொள்கையை வளைக்க அவர் கற்றவரல்லர்.

சிறையில் பிறந்த நூல்

1942ஆம் ஆண்டுப் போராட்டத்தின்போது மீண்டும் சிறை. சபல்பூர்ச் சிறைக்குள் இருந்தவாறே நிலைத்த பொருளாதாரம் என்னும் நூலை எழுதினார். காந்தியடிகளின் முன்னுரையோடு 1945இல் அது வெளிவந்தது. சுற்றுச்சூழல் என்ற சொல்லே நம் பாடநூல்களில் இடம்பெறாத காலம் அது.

இயற்கையில் உள்ள உயிர்கள் பிழைக்கும் முறைகளை அந்நூலில் ஐந்தாக வகுக்கிறார் குமரப்பா. புலி ஆட்டைக் கொன்று தின்கிறது. தனக்கு உணவு தந்த உயிரையே அழித்துவிடுகிறது. இது முதல் வகை. குரங்கு மாந்தோப்பில் புகுந்து பழம் தின்கிறது. மரத்தை அழிப்பதில்லை, ஆயினும் அந்தத் தோப்புக்காக அது ஒன்றும் உழைக்கவில்லை. இது இரண்டாம் வகை. பறவை தன் முயற்சியால் கூடு கட்டுகிறது. உழவன் உழுது விதைத்து விளைவிக்கிறான். இது மூன்றாம் வகை. தேனீ தனக்காக மட்டுமின்றித் தன் கூட்டம் முழுமைக்கும் தேன் சேர்க்கிறது. இது நான்காம் வகை. தாய்ப் பறவை கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை கொணர்ந்து ஊட்டுகிறது. இது ஐந்தாம் வகை. இதுவே உயர்ந்த வகை. மனிதனும் இந்த ஐந்தில் ஏதேனும் ஒன்றைத்தான் செய்கிறான். எதைச் செய்கிறான் என்பதைக் கொண்டே அவனுடைய நாகரிகத்தை அளக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

மற்றொரு பாகுபாடும் செய்தார். இயற்கைச் செல்வம் இருவகைப்படும். ஒன்று தேக்கி வைத்த நீர் போன்றது. நிலக்கரி, பெட்ரோலியம், கனிமம் ஆகியவை அவை. எடுக்க எடுக்கக் குறையும். மற்றொன்று ஓடும் நீர் போன்றது. விளைச்சல், மரத்தின் வளர்ச்சி, கால்நடை ஆகியவை அவை. அளவறிந்து எடுத்தால் ஆண்டுதோறும் கிடைக்கும். தேக்கத்தை நம்பிக் கட்டிய பொருளாதாரம் சண்டையில் முடியும். ஓட்டத்தை நம்பிக் கட்டிய பொருளாதாரம் நிலைக்கும்.

இவ்வளவும் சொன்னவர் எந்திரங்களுக்கு எதிரி அல்லர். இரயிலும் மின்சாரமும் பெருந்தொழிற்சாலைகளில்தான் ஆக வேண்டும் என்றால் ஆகட்டும், ஆனால் அவை மக்கள் கையில் இருக்க வேண்டும் என்றார். டிராக்டரைப் புகழ்ந்தவரிடம், அது நன்றாக உழும், ஆனால் சாணம் போடுமா என்று அவர் கேட்டதாகச் சொல்வதுண்டு. சிரிப்புக்குரிய கேள்வியாகத் தோன்றினும் அதில் ஒரு தணிக்கையாளரின் கண் இருக்கிறது. வரவுப் பக்கத்தை மட்டும் காட்டினால் அவர் ஒப்பமாட்டார். செலவுப் பக்கத்தையும் காட்டு என்பார்.

விடுதலைக்குப் பின் காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 1949இல் அதன் அறிக்கையை அளித்தார். பின்னர் மதுரை மாவட்டம் கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். அவருடைய குடிசையில் காந்தியடிகளின் படமும், அதற்கு மேலாக ஏழை உழவன் ஒருவனின் படமும் இருந்தன. அந்தப் படங்களைப் பற்றி வினவியவரிடம், காந்தியடிகள் தம் தலைவர் என்றும், அந்த உழவன் தம் தலைவருக்குத் தலைவன் என்றும் விளக்கினாராம். 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், அண்ணல் மறைந்த அதே நாளில், குமரப்பாவும் மறைந்தார். 1973இல் ஷூமேக்கர் என்ற பொருளியல் அறிஞர் சிறியதே அழகு என்னும் நூலை எழுதி உலகப் புகழ் பெற்றார். அந்நூலில் குமரப்பாவின் கருத்தை அவர் எடுத்தாண்டுள்ளார். நம் வீட்டு விளக்கை அயல் நாட்டார் வந்து தூண்டிக் காட்டிய பின்னரே நாம் திரும்பிப் பார்த்தோம்.

நம் எல்லையும் குமரப்பாவின் கணக்கும்

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் எல்லை நாடு நம்முடையது. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980களில் சரக்குந்து, மொபெட், கைக்கடிகாரம் என்று பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. மானாவாரிக் கேழ்வரகையும் கொள்ளையும் நம்பியிருந்த வட்டத்தில் மாதச் சம்பளம் என்பது நுழைந்தது. இதை நன்மை அன்று என்று யாரும் சொல்ல முடியாது. என் அண்ணன் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் ஊதியத்தில்தான் நான் கல்லூரிக்கு வருகிறேன்.

ஆனால் என் தந்தையார் தென்பெண்ணைக் கரையில் கால் காணி வைத்திருக்கும் உழவர். தென்பெண்ணை கருநாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஓசூருக்கு அருகே தமிழகத்துக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையையும் கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் கடந்து கடலூரில் கடலோடு கலக்கிறது. மூதறிஞர் இராசாசி பிறந்த தொரப்பள்ளியும் இந்த ஆற்றோரத்தில்தான் இருக்கிறது. பெங்களூரின் கழிவுநீரில் பெரும் பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாக இந்த ஆற்றில்தான் சேர்கிறது. 2015இல் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பற்றி எரிந்தது. ஏரி எரிந்த செய்தியை உலகமே வியந்து படித்தது. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையின் மதகுகளைத் திறக்கும்போது ஆற்றில் வெண்மலை போல நுரை எழுந்து தரைப்பாலங்களை மூடுகிறது. கழிவுநீரில் கலந்த சோப்புத் தூளின் வேதிப்பொருள்கள், நீர் விழுந்து கலங்கும்போது நுரையாகின்றன. புதிதாக வருவோர் அதைப் பனி என்று எண்ணிப் படம் எடுக்கின்றனர். எங்களுக்கு அது பனி அன்று. ஆற்று நீரில் விளைந்த கீரையை வீட்டில் சமைக்க என் தாயார் தயங்குகிறார்; குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். ஆற்றங்கரையில் இருந்துகொண்டு தண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டின் வரவு செலவை எந்தத் தொழிற்சாலையின் ஐந்தொகையிலும் காண முடியாது.

இரவில் வீட்டில் இது பற்றிப் பேச்சு எழும். ஆற்றைக் கெடுத்தவன் வாழமாட்டான் என்பார் அப்பா. தொழிற்சாலை மூடினால் நாளைக்கு அரிசிக்கு என்ன வழி என்பார் அண்ணன். இருவர் சொல்வதும் உண்மை. குமரப்பா இருந்திருந்தால் இருவரையும் உட்கார வைத்து ஒரே ஏட்டில் இரண்டு பக்கத்தையும் எழுதச் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஊதியம் வரவு, கெட்ட நீர் செலவு. வரவு ஒருவர் பெயரிலும் செலவு வேறொருவர் பெயரிலும் எழுதப்படுவதுதான் இங்குள்ள தவறு.

தொழில் நடத்துவோர் இந்தச் செலவை எவ்வாறு எதிர்கொள்கின்றனர்? நம் மாநிலத்திலேயே பாடம் உண்டு. வேலூர்ப் பகுதியில் பாலாற்றைத் தோல் தொழிற்சாலைகள் கெடுத்தபோது, மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற நெறியை 1996இல் உச்சநீதிமன்றம் நிலைநாட்டியது. திருப்பூரில் சாயக் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்திற்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையின் நீரை உழவர்களே வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. 2011 சனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து தவித்தனர். பின்னர் கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாமல் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் மீட்டு மறுபடியும் பயன்படுத்தும் நிலையங்கள் இயங்கின; பட்டறைகள் திறந்தன. முடியாது என்று சொன்னதே பின்பு முடிந்தது. முன்பே செய்திருந்தால் ஆறும் பிழைத்திருக்கும், வேலையும் நிலைத்திருக்கும். காலந்தாழ்ந்து செய்ததால் இரண்டுக்கும் சேதம் நேர்ந்தது.

சட்டம் நம்மிடம் இல்லாமலில்லை. 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1982இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும் சோதனைக்கு வரும் நாளில் மட்டும் ஓடும் சுத்திகரிப்பு எந்திரத்தால் ஆறு தூய்மை பெறாது. மாநில எல்லைக்கோடு நிலத்தில் இருக்கிறது, நீரில் இல்லை. மேலே உள்ளவர் விடும் கழிவுக்குக் கீழே உள்ளவர் சட்டம் பேசிப் பயனில்லை. இரு மாநிலமும் ஒரே ஆற்றின் மக்கள் என்று உணர்ந்தாலன்றி வழி பிறக்காது.

நம் மாவட்டத்தின் மற்ற செல்வங்களையும் குமரப்பாவின் அளவுகோலால் அளந்து பார்க்கலாம். கிருஷ்ணகிரியின் மாந்தோப்பு ஓட்டச் செல்வம். பூவைத் தேடி வரும் தேனீ தேன் எடுத்துக்கொண்டே காய்ப்புக்கும் துணை செய்கிறது. கருங்கல் குன்று தேக்கச் செல்வம். வெட்டி ஏற்றுமதி செய்த கிரானைட் மறுபடி முளைக்காது. குன்றே வேண்டாம் என்பதில்லை. ஒரு முறைதான் எடுக்க முடியும் என்பதை மறவாமல், அந்த வருவாயில் ஒரு பங்கேனும் ஆண்டுதோறும் விளையக்கூடிய ஏரிக்கும் தோப்புக்கும் திரும்பி வர வேண்டும்.

பழியை எல்லாம் தொழிற்சாலையின் வாயிலில் வைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. ஆற்றில் மிதக்கும் அந்த நுரையில் பெரும்பங்கு வீடுகளில் துணி துவைத்த தூள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குபவனும் திருட்டில் பங்காளி என்பது போல, ஒரு பொருள் எப்படி உண்டாயிற்று என்று கேளாமல் வாங்குபவனுக்கும் அதன் தீமையில் பங்குண்டு என்று குமரப்பா கற்பித்தார். குறைந்த விலைக்கு மகிழும் நாம், குறைந்த தொகையை வேறு யார் கட்டுகிறார் என்று கேட்பதில்லை.

முடிவுரை

மாணவத் தோழர்களே! நம்முள் பலர் நாளை இந்தத் தொழிற்சாலைகளில் கணக்கராகவும் மேற்பார்வையாளராகவும் செல்வோம். சிலர் அரசு அலுவலராவோம். சிலர் தொழிலும் தொடங்குவோம். அன்று நம் முன் வைக்கப்படும் ஏட்டில் கழிவுநீருக்கென்று ஒரு பத்தி இல்லாமல் இருக்கலாம். அதை எழுதிச் சேர்க்கும் துணிவு நமக்கு வேண்டும். தலைவரின் உணவுச் செலவையே மறுத்த தணிக்கையாளர் நம் இனத்தில் ஒருவர் இருந்தார் என்ற நினைவு அந்தத் துணிவைத் தரும்.

முதற்படியாக, நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமை அடுத்த ஆண்டு தென்பெண்ணைக் கரைச் சிற்றூர் ஒன்றில் நடத்தலாம். மாதர் வட்டத்தில் குமரப்பாவின் மாணவர்கள் செய்ததைப் போல வீடு வீடாகச் சென்று, கிணற்று நீர் எப்படி, விளைச்சல் எப்படி, தண்ணீருக்கும் மருந்துக்கும் மாதம் என்ன செலவு என்று எழுதலாம். தொழிற்சாலை வேலையால் அதே வீட்டுக்கு வரும் ஊதியத்தையும் பக்கத்திலேயே எழுதலாம். அந்த ஏட்டை ஊர் மக்களிடமும், தொழில் நடத்துவோரிடமும், அதிகாரிகளிடமும் ஒன்றுபோல் கொடுக்கலாம். உண்மைக் கணக்கு கையில் இருந்தால் என் தந்தையாரும் என் அண்ணனும் ஒரே பக்கத்தில் நின்று பேச முடியும்.

வாழ்க குமரப்பாவின் புகழ்! தெளிந்து ஓடுக தென்பெண்ணை!